டாட் இந்தியா: தமிழிலேயே ஒரு முகவரி... தேறுமா, தேறாதா?

'செழியன்' என்ற பெயரை இங்கிலீஷில் எழுதிப் பாருங்கள். முதல் எழுத்துக்கு 'சி-ஹெச்'சா, வெறும் 'எஸ்'ஸா? 'ழ'வுக்கு 'இசட்-ஹெச்'சா, பேசாமல் ஒரு 'எல்' போட்டு முடித்துவிடலாமா? 'ஐ'க்குப் பிறகு ஒரு 'ஒய்' உண்டா, கிடையாதா? மூன்று சந்தேகம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பதில். ஆக மொத்தம் எட்டு செழியன்கள்!

இந்தச் செழியன் ஊறுகாய் வியாபாரம் ஆரம்பித்து, அதற்கு ஒரு வெப்சைட்டும் போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம், "நம்ம சைட்டைப் பாருங்க சார்" என்று பெயரைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார். கேட்டவர் வீட்டுக்குப் போய் எட்டில் எதை டைப் அடிப்பார்? அதிர்ஷ்டம் இருந்தால் ஊறுகாய். இல்லையென்றால் வேறு யாரோ ஒரு செழியனின் கல்யாண ஆல்பம்.

தமிழ் எழுத்திலேயே 'செழியன்' என்று அடித்து, ஒரு புள்ளி வைத்து, 'இந்தியா' என்று முடித்தால் இந்தக் குழப்பமே இல்லை. காதில் விழுந்ததுதான் கையில் வரும். அப்படி ஒரு வசதி இருக்கிறது. இருக்கிறது என்பதே நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது! தெரிந்தவர்களும் "அதெல்லாம் சும்மா ஃபேன்ஸி, யார் பாஸ் வாங்குவா?" என்று நகர்ந்துவிடுகிறார்கள். உண்மையிலேயே ஃபேன்ஸிதானா? காசு போட்டு வாங்கினால் என்ன கிடைக்கும், எங்கே காலை வாரும்? கொஞ்சம் தோண்டிப் பார்த்துவிடலாம்.

பரிட்சை எழுதிய தமிழ்

இன்டர்நெட் முகவரிகளின் அடிப்படை ஏற்பாடு 1983-இல் உருவானது. அப்போது அதற்குத் தெரிந்த எழுத்துகள் மொத்தம் 37. இங்கிலீஷ் எழுத்து 26, எண்கள் 10, நடுவில் போடும் சின்னக் கோடு 1. டாட் காம் என்ன, 1989-இல் நம் நாட்டுக்குக் கிடைத்த டாட் இன் என்ன, எல்லாம் இந்த 37-க்குள்தான். சீனம், அரபு, தமிழ் பேசுகிறவர்களுக்கும் அதே கதிதான்.

இந்தச் சுவரில் முதலில் ஓட்டை போட்டவர்களில் ஒருவர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ. 1998 வாக்கில் அவரும் அவர் குழுவும் இங்கிலீஷ் அல்லாத எழுத்துகளில் முகவரி வைக்க முடியும் என்று செய்து காட்டினார்கள். அதற்கு 2003-இல் ஒரு பொதுத் தரம் வந்தது. 2007 அக்டோபரில், முகவரிகளை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பு 11 மொழிகளில் சோதனை முகவரிகளைத் திறந்துவிட்டது. இந்தியாவில் இருந்து அந்தப் பட்டியலில் இடம்பிடித்தவை இரண்டே மொழிகள். ஒன்று இந்தி, இன்னொன்று... யெஸ், தமிழ்தான்!

அந்தத் தமிழ் முகவரி என்ன தெரியுமா? 'உதாரணம்.பரிட்சை'. பரீட்சை இல்லை, பரிட்சை. உலகத்தின் இன்டர்நெட் வேர்ப் பட்டியலிலேயே ஏறிய முதல் தமிழ்ச் சொல்லில் நெடில் போய்க் குறில் உட்கார்ந்துவிட்டது. நம் தமிழாசிரியர்கள் கண்ணில் பட்டிருந்தால் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டிருப்பார்கள். 2013-இல் சோதனை முகவரிகள் எல்லாம் நீக்கப்பட்டன. பரிட்சை முடிந்தது!

அதற்குள் நிஜ முகவரிகள் வந்துவிட்டன. 2010-இல் 'இலங்கை', 2011-இல் 'சிங்கப்பூர்', அதே 2011-இல் 'இந்தியா'. தமிழ் எழுத்தில் மூன்று நாடுகளின் பெயர்கள் வேர்ப் பட்டியலில் ஏறின. நம் நாட்டில் ஏறியதற்கும் கடை திறந்ததற்கும் நடுவே ஒரு நீண்ட இடைவேளை. 2014 ஆகஸ்ட்டில்தான் தேவநாகரி எழுத்தில் 'பாரத்' முதலில் விற்பனைக்கு வந்தது. தமிழுக்குக் கதவு திறந்தது அதற்கும் பிறகு. இப்போது அட்டவணை மொழிகள் 22-க்கும் வழி செய்யப்பட்டிருக்கிறது. டாட் இன்னைக் கவனிக்கும் நிக்சி அமைப்புதான் இதையும் கவனிக்கிறது.

உள்ளே ஓடுவது என்ன?

இங்கேதான் ஒரு ரகசியம். நீங்கள் தமிழில் அடிக்கும் முகவரி தமிழாகவே பயணம் செய்வதில்லை. பிரௌசர் அதை அந்தப் பழைய 37 எழுத்துக்குள் மடக்கிவிடுகிறது. மடக்கும் முறைக்குப் பெயர் ப்யூனிகோட். 'இந்தியா' என்பது நம் கண்ணுக்கு இ, ந், தி, யா என நான்கே எழுத்து. கம்ப்யூட்டருக்குப் புள்ளி தனி, கொம்பு தனி, கால் தனி. அதனால் ஏழு குறிகள். மடக்கி முடித்ததும் அது எக்ஸ்-என்-கோடு-கோடு-எக்ஸ்-கே-சி-2-டி-எல்-3-ஏ-5-இ-இ-0-ஹெச் ஆகிவிடும். பாஸ்வேர்டு மாதிரி இருக்கிறதா? இதுதான் நம் நாட்டின் நிஜ முகவரி!

முகவரியில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வரும் ஒவ்வொரு துண்டும், மடக்கிய பிறகு, 63 எழுத்துக்குள் அடங்க வேண்டும். 'சிங்கப்பூர்' என்ற ஒரே சொல்லுக்கு, முன்னால் வரும் எக்ஸ்-என் நீங்கலாகவே 18 போய்விடுகிறது. ஆகவே 'ஸ்ரீ பாலமுருகன் பாத்திரக்கடை மற்றும் அன்பளிப்புப் பொருட்கள் அங்காடி' என்று முழு போர்டையும் முகவரியாக்கும் ஆசை இருந்தால் கைவிட்டுவிடுங்கள்.

மடக்கும் வேலை திரைக்குப் பின்னால் நடக்கும் வரை யாருக்கும் கஷ்டம் இல்லை. திரை விலகும்போதுதான் வில்லங்கம். பிரௌசரின் மேல்பட்டையிலிருந்து முகவரியைக் காப்பி செய்து நண்பருக்கு அனுப்புகிறீர்கள். தமிழ் போய், அந்த எக்ஸ்-என் ராமாயணம் போய்ச் சேருகிறது. நண்பர் என்ன நினைப்பார்? 'இவன் அக்கவுன்ட்டை எவனோ ஹேக் பண்ணிட்டான்!' லிங்க்கைத் தொடவே மாட்டார். "சந்தேகமான லிங்க்கைத் தொடாதே" என்று அவருக்கு அத்தனை பேர் அட்வைஸ் செய்திருக்கிறார்கள், பாவம்.

கௌரிக்கும் கெளரிக்கும் ஆறு வித்தியாசம்

இந்த உபதலைப்பில் இருப்பவர்கள் ஒரே ஆள் இல்லை. முதல் கௌரியில் இருப்பது 'ஔ' வரிசை உயிர்மெய். இரண்டாமவர் 'கெ' போட்டு, பக்கத்தில் தனியாக ஒரு 'ள' போட்டவர். கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்று. கம்ப்யூட்டருக்கோ இருவரும் அந்நியர்கள். நாளிதழ், போஸ்டர், கல்யாணப் பத்திரிகை என எங்கும் இந்த இரண்டாவது கௌரி உலவுவதைப் பார்க்கலாம். பேப்பரில் அது எழுத்துப் பிழை, அவ்வளவுதான். டொமைனில் அது வேறு ஒருவருடைய வீடு. 'கௌதம்', 'சௌந்தர்யா', 'மௌலி' வகையறாக்கள் கடை போடுவதற்கு முன்னால் இதை யோசித்தே ஆக வேண்டும்.

'ஸ்ரீ' இன்னும் மோசம். ஸ-வில் ஆரம்பித்து அதை எழுதலாம். 2005-இல் யுனிகோடில் சேர்ந்த 'ஶ' என்ற எழுத்தில் ஆரம்பித்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசல் ஒரே படமாகத் தெரியும். தமிழ் எண்களை எடுத்துக்கொண்டால், ஒன்றைக் குறிக்கும் ௧ பார்ப்பதற்கு 'க' மாதிரியே இருக்கும். இரண்டு 'உ' மாதிரி, எட்டு 'அ' மாதிரி. வேர்ப் பட்டியலில் ஏறும் பெயர்களில் எண்களுக்கே இடம் இல்லை என்பது ஒரு நிம்மதி. புள்ளிக்கு இந்தப் பக்கம் நாம் வாங்கும் பெயரில் எந்தெந்த எழுத்து வரலாம் என்பதை அந்தந்தப் பதிவு அமைப்பு தீர்மானிக்கிறது.

இப்படி ஒன்றைப்போல் ஒன்று இருப்பதால் என்ன ஆகும்? 2017 ஏப்ரலில் ஒரு ஆராய்ச்சியாளர் ரஷ்ய எழுத்துகளை மட்டும் வைத்து, ஆப்பிள் கம்பெனியின் முகவரி போலவே ஒன்றை உருவாக்கிக் காட்டினார். வெறும் கண்ணால் கண்டுபிடிக்க வழியே இல்லை. அதன் பிறகு பிரௌசர்கள் உஷாராகிவிட்டன. சந்தேகம் வந்தால் அழகான எழுத்தை மறைத்து எக்ஸ்-என் வடிவத்தையே காட்டிவிடும். நல்ல காவல்தான். இந்தக் காவலுக்குத் தண்டம் கட்டுவது இங்கிலீஷ் அல்லாத மொழிக்காரர்கள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"தவறான இமெயில்!"

என் கணக்கில் மிகப் பெரிய ஓட்டை இதுதான். வெப்சைட் முகவரியை நாம் ஒருமுறை அடித்துவிட்டு மறந்துவிடலாம். இமெயில் அப்படியா? வேலைக்கு விண்ணப்பம், காலேஜ் அட்மிஷன், பேங்க், ரயில் டிக்கெட் என்று எங்கே போனாலும் கேட்பார்கள். அங்கே தமிழ் முகவரி கொண்ட இமெயிலைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான படிவங்கள் சிவப்பு எழுத்தில் சீறும்: 'சரியான இமெயிலைக் கொடுக்கவும்!'

இத்தனைக்கும் தொழில்நுட்பம் தயார். எந்த மொழி எழுத்திலும் இமெயில் முகவரி வைப்பதற்கான தரங்கள் 2012-லேயே வந்துவிட்டன. அப்படிப்பட்ட முகவரிகளுக்கு மெயில் அனுப்பவும் அங்கிருந்து வாங்கவும் ஜிமெயில் 2014-இல் வழி செய்தது. ராஜஸ்தான் அரசு 2017-இல் தன் மக்களுக்கு இந்தியில் இமெயில் முகவரி கொடுக்க ஆரம்பித்தது. மெயில் போகும் ரோடு போட்டாகிவிட்டது. வாசலில் நிற்கும் செக்யூரிட்டிதான் உள்ளே விட மாட்டேன் என்கிறார்!

யார் அந்த செக்யூரிட்டி? படிவத்துக்குப் பின்னால் எழுதியிருக்கும் ஒரே ஒரு வரி. 'அட் குறிக்குப் பிறகு இங்கிலீஷ் எழுத்து, ஒரு புள்ளி, அதன் பிறகு இரண்டு முதல் நான்கு இங்கிலீஷ் எழுத்து இருந்தால்தான் ஓகே' என்று சொல்லும் வரி. யாரோ, எப்போதோ எழுதியது. அதை அடுத்தவர் காப்பியடித்தார், அவரிடமிருந்து இன்னொருவர், இப்போது ஃபைனல் இயர் புராஜெக்ட் வரைக்கும் அதேதான். தமிழுக்கு மட்டும் இந்தத் தொல்லை என்று நினைக்காதீர்கள். 2000-இல் 'மியூசியம்' என்ற ஆறெழுத்து இங்கிலீஷ் பெயர் ஒப்புதல் வாங்கியபோதே, மூன்றெழுத்தை மட்டும் எதிர்பார்த்த புரோகிராம்கள் முழித்தன. அது இங்கிலீஷ். அதற்கே அந்தக் கதி!

இதைச் சரி செய்வதற்காகவே ஐகான் தரப்பில் ஓர் இயக்கம் நடக்கிறது. 2023 மார்ச் 28-இல் முதல்முறையாக அதற்கென்று ஒரு நாளே கொண்டாடினார்கள். கருத்தரங்கம், பேனர் எல்லாம் சரி. அந்த ஒரு வரியை மாற்ற வேண்டியவர்கள் கம்ப்யூட்டர் சயின்ஸ் லேபில் உட்கார்ந்து, தாங்கள் செய்யும் காலேஜ் சிம்போசியம் சைட்டுக்கு ரெஜிஸ்ட்ரேஷன் படிவம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதாவது, இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர். இமெயில் சரியா என்று தெரிய ஒரே நிச்சயமான வழி, அதற்கு ஒரு மெயில் அனுப்பிப் பார்ப்பதுதான். எழுத்தை எண்ணுவதால் என்ன பிரயோஜனம்?

இப்போ யார்தான் முகவரி அடிக்கிறாங்க?

நியாயமான கேள்வி. கூகுளில் பெயரைப் போட்டால் வருகிறது. டீக்கடையில்கூட க்யூஆர் ஒட்டியிருக்கிறது. இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் திறந்தால் ஓசியிலேயே கடை ரெடி. எதற்கு ஒரு டொமைன், அதிலும் தமிழில்?

இன்ஸ்டாகிராம் பக்கம் உங்கள் வீடு இல்லை பாஸ், வாடகை போர்ஷன். என்றைக்காவது பக்கம் முடங்கினால், பத்தாயிரம் ஃபாலோயர்ஸும் அதோடு காலி. சொந்தப் பெயரில் முகவரி இருந்தால், ஹோஸ்டிங் கம்பெனியை மாற்றினாலும் ஊர் மாறினாலும் வாடிக்கையாளர் அதே வாசலுக்கு வருவார். இதற்கு எந்த டொமைன் ஆனாலும் சரிதான். தமிழ் டொமைனுக்கு என்று தனியாக இருக்கும் பலம் வேறு. கண்ணால் பார்த்து மனதில் வைப்பது, காதால் கேட்டு எழுதுவது. சுவரில் பெயின்ட் விளம்பரம், ஆட்டோவின் பின்பக்கம், எஃப்.எம். ரேடியோ, கோயில் திருவிழா நோட்டீஸ். 'வாழை', 'வாளை', 'வாலை' மூன்றையும் இங்கிலீஷில் ஒரே மாதிரி எழுதித் தொலைக்கிறோம். தமிழில் அந்தச் சிக்கல் இல்லை. இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத் தயங்கும் ஒரு பாட்டி, போனில் தமிழ் கீபோர்டு வைத்துப் பேரனுக்கு மெசேஜ் அனுப்புகிறார். அவரை வாடிக்கையாளராகக் கொண்ட கடைக்கு இது ஃபேன்ஸி இல்லை.

பாதுகாப்புச் சான்றிதழ் கிடைக்குமா, அந்தப் பூட்டு சமாசாரம் வருமா என்று சிலர் கேட்கிறார்கள். வரும். ஓசியில் சான்றிதழ் கொடுக்கும் லெட்ஸ் என்கிரிப்ட்டே 2016-லிருந்து இப்படிப்பட்ட முகவரிகளுக்கும் கொடுக்கிறது. கூகுள் தேடலிலும் பிரச்னை இல்லை.

ஆக, வாங்கலாமா? வியாபாரம், பத்திரிகை, நாடகக் குழு, ஊர்ச் சங்கம் என்று தமிழ் வாசிக்கிறவர்களிடம் போய்ச் சேர வேண்டிய எதற்கும், வாங்கலாம். ஆனால் இரண்டாவது பெயராக! முதலில் டாட் காமோ டாட் இன்னோ ஒன்றை வாங்கி சைட்டையும் மெயிலையும் அதில் வையுங்கள். தமிழ் முகவரியை அதே சைட்டுக்குத் திருப்பிவிடுங்கள். போர்டில் தமிழ், படிவத்தில் இங்கிலீஷ். உங்கள் பெயரில் 'ஔ' வரிசை இருந்தால் அந்தப் போலி ஜோடியையும் சேர்த்து வாங்கிப் போட்டுவிடுவது புத்திசாலித்தனம். ரெஸ்யூமேவில் போடுவதற்கு மட்டும் என்றால் வேணாம். பெங்களூருவில் இருக்கும் ஹெச்.ஆர். அதை எப்படி அடிப்பார்? வாங்கும்போது முதல் வருட ஆஃபரைப் பார்த்து மயங்காமல், இரண்டாம் வருடப் புதுப்பிப்புக் கட்டணம் என்ன என்று கேட்டுவிட்டுக் கார்டை நீட்டுங்கள்.

டாட் தமிழ் எங்கே?

'இந்தியா' என்று முடிவதில் இன்னொரு சங்கடம் உண்டு. யாழ்ப்பாணத்துக்காரருக்கு 'இலங்கை', சிங்கப்பூர்க்காரருக்கு 'சிங்கப்பூர்'. கோலாலம்பூரில் தமிழ்ப் பத்திரிகை நடத்துபவருக்கு? டொரண்டோவில் தமிழ்ப் பள்ளி நடத்துபவருக்கு? நாட்டுப் பெயரில் மட்டும்தான் தமிழ் எழுத்து ஏறியிருக்கிறது. மொழிக்கென்று ஒரு வீடு இல்லை.

ஸ்பெயினில் கேட்டலன் பேசுகிறவர்கள் தங்கள் மொழிக்கென்றே 'டாட் கேட்' என்ற முகவரியை 2005-இல் வாங்கிவிட்டார்கள். கேட்டலன் மொழிக்கோ பண்பாட்டுக்கோ சம்பந்தம் இருந்தால்தான் கிடைக்கும் என்று விதி. அதைத் தாண்டி உலகத்துப் பூனைப் பிரியர்களும் அதில் நுழையப் பார்த்தது தனிக் காமெடி. லட்சத்துக்கும் மேல் பதிவுகள். ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. கேட்டலன் எழுதப்படுவது இங்கிலீஷ் எழுத்துகளின் உறவுக்கார லிபியில். 'கேட்' என்ற மூன்றெழுத்தை எந்தப் படிவத்து செக்யூரிட்டியும் தடுக்கவில்லை. நமக்கு அந்தச் சலுகை கிடையாது.

2012-இல் ஐகான் புதிய முகவரிகளுக்கு விண்ணப்பம் கேட்டபோது 1,930 விண்ணப்பங்கள் குவிந்தன. கட்டணம் 1,85,000 டாலர். 2026 சுற்றுக்கு ஐகான் அறிவித்த கட்டணம் 2,27,000 டாலர், நம் காசில் ஏறத்தாழ 2 கோடி ரூபாய். அது விண்ணப்பத்துக்கு மட்டும். நடத்தும் செலவு தனி. ஒரு தமிழ் சினிமாவின் பாட்டு ஷூட்டிங் பட்ஜெட்டை நினைத்தால் பெரிய தொகையா, சின்னத் தொகையா என்று நீங்களே சொல்லுங்கள். யாராவது துணிந்து விண்ணப்பித்தால் ஒரே ஒரு வேண்டுகோள்... அனுப்புவதற்கு முன்னால் ஸ்பெல்லிங்கை ஒரு தமிழாசிரியரிடம் காட்டிவிடுங்கள்!